எண்பத்தொன்பதாவது நிமிடம்

(சங்கரன்கோவிலில் கல்லூரி மாணவர்களும் ஊர்க்காரர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

முன்வரிசையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கால்பந்து அணித் தம்பிகளே!

யார் பெரியவர் என்ற வழக்கு இந்த ஊருக்குப் புதிதில்லை. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் மல்லுக்கு நின்ற கதை கோயில் வாசலில் பூ விற்கும் ஆச்சிக்கும் மனப்பாடம். கோமதியம்மன் தவம் இருந்தாள், பாதி சிவனும் பாதி திருமாலுமாக ஒரே உருவில் காட்சி கிடைத்தது, வழக்கு முடிந்தது. உங்கள் பாஷையில் சொன்னால் மேட்ச் டிரா. வருஷா வருஷம் ஆடித்தபசுக்குத் தேரடி கொள்ளாமல் ஜனம் கூடி அந்த டிராவைத்தான் கொண்டாடுகிறோம்.

உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போன வாரம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்று வந்திருக்கிறீர்கள். அந்த இரண்டாவது கோல் விழும்போது ரெஃப்ரி கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று உங்கள் பி.டி. மாஸ்டர் சொன்னார். "பையன்கள் ரொம்ப உடைஞ்சு போயிருக்காங்க சார், நாலு வார்த்தை ஆறுதலா சொல்லுங்க" என்றுதான் என்னை அழைத்தார்.

வருகிற வழியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்தேன். அங்கேயும் இதே பேச்சுதான். ஒருவர் சொன்னார்: "ஒரு கோல்தான அண்ணாச்சி, ஜெயிச்ச மாதிரிதான்." பக்கத்தில் இருந்த தறிக்காரர் விடவில்லை: "தோத்தது தோத்ததுதான். ஒண்ணுல தோத்தா என்ன, ஒம்பதுல தோத்தா என்ன?" டீ ஆறும் வரைக்கும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு இரண்டு பேர் சொன்னதிலும் சம்மதம் இல்லை. அதிலும் முதலாமவர் சொன்னதுதான் ஆபத்தானது. ஏன் என்று சொல்வதற்கு உங்களை 1948-க்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக். நாடு சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம் நிறைய இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. லண்டனுக்குக் கிழக்கே இல்ஃபோர்டு என்ற இடத்தில், கிரிக்கிள்ஃபீல்டு மைதானத்தில், சுமார் 17,000 பேர் முன்னிலையில் சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி தன் முதல் ஒலிம்பிக் ஆட்டத்துக்கு இறங்குகிறது. எதிரே பிரான்ஸ். தோற்றால் வீடு, இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

நம் அணியின் கேப்டன் யார் தெரியுமா? ஒரு கல்லூரி மாணவர். தாலிமெரன் ஆவ். நாகா மலையில் சாங்கி என்ற ஊரில் பிறந்தவர். கல்கத்தாவில் அப்போது கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி என்று பெயர்; இப்போது ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி. அங்கே டாக்டருக்குப் படித்துக்கொண்டே மோகன் பகான் கிளப்புக்கு ஆடியவர். ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்தியக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவரும் அவர்தான். பரீட்சை இருக்கிறது, அதனால்தான் பிராக்டீசுக்கு வர முடியவில்லை என்று உங்களில் யாராவது மாஸ்டரிடம் சொல்லியிருந்தால், இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அணியில் நம் காதுக்குப் பழக்கமான பெயர்கள் நிறைய. வரதராஜ், வஜ்ரவேலு, தன்ராஜ். பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன். பெயரைக் கேட்டால் கும்பகோணத்துக் கோபுரம் கண்ணில் வரும். அவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் வாங்கக் காசில்லாமல் ஆடினார்கள் என்று ஒரு கதை உண்டு. அது பாதிதான். பழக்கமே அதுதான். காய்ந்த தரையில் வெறுங்காலுக்குப் பந்து கட்டுப்படுகிற மாதிரி தோலுக்குள் பூட்டிய காலுக்குக் கட்டுப்படாது என்பது அவர்கள் அனுபவம். பூட்ஸ் ஏன் போடவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கு, "நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவதுதான் பூட்பால்" என்று கேப்டன் ஆவ் சொன்னதாகச் சொல்வார்கள். தமிழில் சொன்னாலும் ருசி போகாத பதில்.

ஆட்டம் தொடங்கியது. முப்பதாவது நிமிடத்தில் பிரான்சின் கூர்பேன் ஒரு கோல் போட்டார். நம்மவர்கள் அசரவில்லை. ஒரு பெனால்டி கிடைத்தது. போயிற்று. எழுபதாவது நிமிடத்தில் ராமன் கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த முதல் கோல் அது. ஒன்றுக்கு ஒன்று. இன்னொரு பெனால்டியும் கிடைத்தது. அதுவும் போயிற்று. கடைசியில், எண்பத்தொன்பதாவது நிமிடம், பெர்சியோன் என்கிறவர் பிரான்சுக்கு இரண்டாவது கோலைப் போட்டார். இரண்டுக்கு ஒன்று. விசில்.

அந்த இரண்டு பெனால்டியை அடித்தவர்கள் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. ராமன் அடித்த முதல் கோலை மறந்துவிட்டு, பெனால்டியை வெளியே விட்டவன் பெயரை மட்டும் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுகிற ஊர் நம் ஊர். போன வாரம் உங்கள் மேட்சிலும் ஒரு தம்பி பெனால்டியை விட்டான் என்று கேள்விப்பட்டேன். பெயர் எனக்கு வேண்டாம்.

இப்போது கவனியுங்கள். தோற்ற அன்றைக்கு அந்த அணி கையில் இரண்டு தகவல் இருந்தது. ஒன்று, ஐரோப்பாவின் பெரிய அணி ஒன்றோடு கடைசி நிமிடம் வரை சரிக்குச் சரியாக நின்றோம். இரண்டாவது, பதினோரு மீட்டர் தூரத்தில் நிற்கவைத்துக் கொடுத்த பந்தை இரண்டு தடவை கோல் ஆக்கவில்லை. பெனால்டியில் பொதுவாக நான்குக்கு மூன்று கோல் ஆகும் என்பது ஆட்டம் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். இரண்டில் ஒன்று கோல் ஆகியிருந்தாலே கதை வேறு.

இதைவிடச் சின்ன வேலைப் பட்டியல் ஒரு அணிக்குக் கிடைக்குமா? ஒன்பது கோல் வாங்கித் தோற்றவனுக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாது. கூரையே பிய்ந்துபோன வீடு அது. ஒரு கோலில் தோற்றவனுக்கு இரண்டு ஓடு மாற்றினால் போதும், எந்த ஓடு என்றும் தெரியும். தறிக்காரர் அண்ணாச்சி இங்கே வந்திருந்தால் அவருக்கு என் பதில் இதுதான். ஒன்றில் தோற்பதும் ஒன்பதில் தோற்பதும் ஒன்றாகாது. தறியில் ஒரு இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டுகிறீர்களா, பாவையே கழற்றுகிறீர்களா?

ஆனால் நம் நாடு என்ன செய்தது தெரியுமா? அந்த இரண்டு தகவலையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒன்றை எடுத்து மாலை போட்டது. வெறுங்காலோடு ஆடியும் ஒரு கோலில்தானே தோற்றோம்! ஆங்கிலேயர்கள் அதிசயமாகப் பார்த்தார்கள், கை தட்டினார்கள். ஆறாம் ஜார்ஜ் மன்னர் நம் வீரர் சைலேன் மன்னாவின் காலைப் பார்த்து, இது இரும்பால் செய்ததா என்று கேட்டதாக ஒரு கதை. அது எவ்வளவு தூரம் நிஜமோ, கதை மட்டும் நன்றாக ஊர் சுற்றியது. போதாததற்கு 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில், இறுதி ஆட்டத்தில் மேவாலால் போட்ட ஒரே கோலில் ஈரானை வென்று தங்கமும் வாங்கிவிட்டோம். வெறுங்கால் வீரமாகிவிட்டது.

அடுத்த வருஷம், 1952 ஜூலை, ஹெல்சிங்கி ஒலிம்பிக். பின்லாந்துக் குளிர். கேப்டன் அதே மன்னா. எதிரே யூகோஸ்லாவியா. நம் ஆட்கள் பலர் அப்போதும் வெறுங்கால்.

பத்துக்கு ஒன்று.

ஆமாம் தம்பி, பத்து. அந்த ஒன்றை அகமது கான் அடித்தார். யூகோஸ்லாவியா அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய பெரிய அணி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பத்து.

1948-ல் வெறுங்கால் நம்மைத் தோற்கடிக்கவில்லை, பெனால்டிதான் தோற்கடித்தது. விஷயமே அங்கேதான் இருக்கிறது. அன்றைக்குக் காரியத்தைக் கெடுக்காத குறையை யாரும் குறை என்று எண்ணவே இல்லை. பெருமை என்று எண்ணினார்கள். நாலு வருஷம் கழித்து, குளிர்ந்த தரையில், அது வட்டியும் முதலுமாக வந்து நின்றது. டீக்கடையில் "ஜெயிச்ச மாதிரிதான்" என்று சொன்ன அண்ணாச்சியைக் கண்டு நான் பயந்தது இதனால்தான். மயிரிழையில் தோற்றவன் தன் பலத்தையும் பார்க்கிறான், குறையையும் பார்க்கிறான். இரண்டையும் மாற்றி எடுத்து வைத்துக்கொள்ள ரொம்ப நேரம் ஆகாது.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, நானும் அந்தக் கட்சிதான். ஒரு காலத்தில் கல்லூரி அணியில் லெஃப்ட் பேக் ஆடினேன். ஒரு கோலில் தோற்ற மேட்ச் ஒன்று உண்டு. அது ஆஃப்சைடு, ரெஃப்ரி கொடுக்கவில்லை என்று முப்பது வருஷம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் கல்யாணப் பந்தியில்கூடச் சொன்னேன். எங்கள் கீப்பர், இப்போது பேரன் எடுத்துவிட்டார், போன வருஷம் ஒரு துக்க வீட்டில் பார்த்தபோது பொறுமையாகச் சொன்னார்: "ஏல, எல்லாரும் முன்னால ஏறி வந்துட்டோம். நீ ஒருத்தன்தான் ஷூ லேசைக் கட்டிக்கிட்டு பின்னால நின்ன. உன்னாலதான் அவன் ஆன்சைடு." எனக்கு அது தெரியும். அன்றைக்கே தெரியும்.

சரி, ஹெல்சிங்கிக்கு வருவோம். பத்து கோல் வாங்கிய பிறகுதான் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயம் ஆக்கியது. அந்தப் பத்து கோல் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். பள்ளிக்கூட வாத்தியார். அவரைத் தூக்கி எறியவில்லை என்பது நம் விளையாட்டு வரலாற்றில் அபூர்வமாக நடந்த ஒரு நல்ல காரியம். 1956-ல் மெல்போர்னில் அவருடைய அணி ஆஸ்திரேலியாவை நாலுக்கு இரண்டு என்று அடித்து, நெவில் டிசூசா மூன்று கோல் போட்டு, நான்காம் இடம் வரை போனது. அது எல்லாரும் சொல்கிற கதை, நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதைவிட 1960 முக்கியம். அங்கே நாம் ஜெயிக்கவே இல்லை.

ரோம் ஒலிம்பிக். ஆகஸ்ட் 26, லாக்விலா என்ற மலையூர். எதிரே ஹங்கேரி. அந்த அணியில் ஃப்ளோரியான் ஆல்பர்ட் என்று ஒரு இளைஞன்; பிற்பாடு 1967-ல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரன் விருதை வாங்கியவன். ஹங்கேரி இரண்டு கோல் போட்டது. எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் துளசிதாஸ் பலராம் ஒன்றைத் திருப்பினார். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த பிள்ளை. இரண்டுக்கு ஒன்றில் முடிந்தது. பிரான்சிடம் வாங்கிய அதே கணக்கு. ஹங்கேரி அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது.

மூன்று நாள் கழித்து எதிரே யார்? அதே பிரான்ஸ். பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம். கேப்டன் பி.கே. பானர்ஜி எழுபத்தொன்றாவது நிமிடத்தில் கோல் போட்டார், நாம் முன்னால் நிற்கிறோம். எண்பத்திரண்டாவது நிமிடத்தில் பிரான்ஸ் சமன் செய்துவிட்டது. அடுத்து பெருவிடம் மூன்றுக்கு ஒன்று. குரூப்பில் கடைசி இடம். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வந்தார்கள்.

அட்டவணையை மட்டும் பார்த்தால் இது படுதோல்வி. மூன்று ஆட்டம், ஒரு டிரா, இரண்டு தோல்வி. ஆனால் 1948-ஐயும் 1960-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அன்றைக்கு எண்பத்தொன்பதாவது நிமிடம், இன்றைக்கு எண்பத்திரண்டாவது நிமிடம். இரண்டு தடவையும் பிரான்ஸ் நம்மைப் பிடித்தது கடைசிப் பத்து நிமிடத்தில்தான். பூட்ஸ் பிரச்சினை போய்விட்டது, பந்தைக் கையாளும் திறமையில் குறை இல்லை. ஆட்டத்தை முடித்துக் கொடுக்கத்தான் தெரியவில்லை. ரஹீம் இதை எந்தத் தாளில் எழுதி வைத்தார் என்று நான் சொல்ல முடியாது, நான் பக்கத்தில் இல்லை. இரண்டு வருஷம் கழித்து நடந்ததைச் சொல்ல முடியும்.

1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் இரண்டு கோல் வாங்கித் தோல்வி. பிறகு தாய்லாந்து, ஜப்பான், அரையிறுதியில் தென்வியட்நாமை மூன்றுக்கு இரண்டு என்று தாண்டி, செப்டம்பர் 4-ம் தேதி இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே தென்கொரியா. அரங்கம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல் போட்டது. தைவானையும் இஸ்ரேலையும் அழைக்காததைப் பற்றி நம் அதிகாரி ஒருவர் ஆட்சேபம் சொன்னார் என்று ஊரே கோபத்தில் இருந்தது. டிஃபன்ஸில் ஆடுகிற ஜர்னைல் சிங்குக்கு முந்தைய ஆட்டம் ஒன்றில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அவரை ரஹீம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கோல் போஸ்டில் பீட்டர் தங்கராஜ். பி.கே. ஒரு கோல், சற்று நேரத்திலேயே ஜர்னைல் இன்னொன்று. கடைசி நிமிடங்களில் கொரியா ஒன்றைத் திருப்பியது.

மறுபடியும் அதே கடைசிப் பத்து நிமிடம். மறுபடியும் இரண்டுக்கு ஒன்று. இந்தத் தடவை நம்மவர்கள் விடவில்லை. தங்கம். பலராமும் அந்த அணியில் இருந்தார். ரஹீம் மறு வருஷம் ஜூன் மாதம் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். அதற்கு அப்புறம் ஆசிய விளையாட்டில் நாம் கால்பந்துத் தங்கத்தைத் தொடவே இல்லை. மயிரிழைத் தோல்விகள் எல்லாம் தாமாகவே வெற்றியாக முளைக்கும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனையோ முளைக்காமலே போயிருக்கின்றன.

இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நம் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை இரண்டுக்கு ஒன்று என்று வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். கடலூர் இந்துமதி போன்றவர்கள் வளர்ந்து வந்த காலம் அது. நாம் அதைக் கொண்டாடினோம், நியாயம்தான். அதே ஆட்டம் மணிப்பூர்ப் பெண்களுக்கு என்ன? ஒரு கோல் தோல்வி. பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர் என்று இருந்த காலத்தில் அவர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும்! அடுத்த போட்டியிலேயே கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் ஊரில் யாரையாவது ஆறுதல் சொல்லக் கூப்பிட்டார்களா என்று எனக்குச் சந்தேகம்.

ஆவைப் பற்றி ஒன்று மிச்சம் வைத்தேன். எண்பத்தொன்பதாவது நிமிடத்தில் தோற்ற அந்த கேப்டன் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தார், படிப்பைத் தொடர்ந்தார், 1950-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். பிறகு சொந்த மலைக்கே டாக்டராகப் போய், நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநர் வரைக்கும் உயர்ந்தார். லண்டனில் ஆர்சனல் கிளப் கூப்பிட்டதாகவும் இவர் மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். டாக்டர் ஆக வேண்டும் என்பது அவர் அப்பாவின் ஆசை. 2018-ல் தபால்துறை அவர் படம் போட்டு அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் பதக்கம் எதையும் ஒலிம்பிக்கிலிருந்து கொண்டு வரவில்லை, பாருங்கள்.

இனி உங்கள் மேட்ச். நான் பார்க்கவில்லை, மாஸ்டர் செல்போனில் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். பாதி நேரம் அவர் கட்டை விரல்தான் தெரிகிறது. ஆனாலும் சில சமாச்சாரம் தெரிந்தது. முதல் பாதியில் வலது பக்கம் நீங்கள் மூன்று பேர் முக்கோணமாகப் பாஸ் கொடுத்துக்கொண்டு போனீர்கள், அந்தக் கல்லூரி டிஃபன்ஸ் திணறிவிட்டது. அது கைதட்டுக்குரியது. அதை விடாதீர்கள். பெனால்டி போனது எல்லாருக்கும் தெரியும், அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. தினம் சாயந்திரம் இருபது பந்து, அவ்வளவுதான்.

எனக்கு உறுத்தியது யாரும் பேசாத ஒன்று. இரண்டாவது பாதியில் உங்கள் கீப்பர் ஒவ்வொரு தடவையும் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் உயரமாக உதைக்கிறான். அதுதான் அன்றைக்கு உங்களைத் தோற்கடித்தது என்று யாரும் சொல்லவில்லை. கூட்டம் கை தட்டியது, "என்னா உதை!" என்று யாரோ கத்துவதுகூடக் கேட்கிறது. பத்துத் தடவை உதைத்ததில் நான் எண்ணிய வரைக்கும் இரண்டு தடவைதான் நம் ஆள் காலுக்குப் போனது. எட்டுத் தடவை நாமே பந்தைக் கொடுத்துவிட்டு நாமே துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறோம். கடைசிப் பத்து நிமிடத்தில் ஏன் கால் ஓயாது?

அந்தத் தம்பி எங்கே? எழுந்திரு ஐயா, பயப்படாதே, உன்னைக் குறை சொல்லக் கூப்பிடவில்லை. கடைசி கோலுக்கு முன்னால் நீ உதைத்த பந்து யாரிடம் போனது, ஞாபகம் இருக்கிறதா?

(மாணவர்: "அவங்க நடு ஆள்கிட்ட சார். எங்க லெஃப்ட் பேக் பக்கத்துல சும்மாதான் நின்னான். உருட்டி விட்டிருக்கலாம்.")

பார்த்தீர்களா மாஸ்டர், பையனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முப்பது வருஷம் ஆனது, இவனுக்கு ஒரு வாரம்.

நாளைக்குக் காலையில் ஆறு மணிக்கு கிரவுண்டுக்கு வருகிறேன். லெஃப்ட் பேக்கும் வரட்டும், லேசைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நீ உருட்டி விடு, நான் பார்க்கிறேன்.